வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால்: புதுச்சேரி, கடலூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் கணுக்கால் வரை நிற்கும். உடனே தெருமுனைக் கடைக்கு ஓடி ஒரு ஆசிட் பாட்டில் வாங்கி ஊற்றுவார்கள். போகாது. இன்னொரு பாட்டில். அதற்கும் அசையாது. அப்புறம்தான் பிளம்பருக்கு போன் போகும். அவர் வந்து கை வைக்கப் பயப்படுகிற அளவுக்குக் குழாய்க்குள் ஆசிட் தேங்கியிருக்கும். அடைப்பு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் பல வீடுகளில் ஒரு கையுறையும் ஒரு வாளியும் போதும். தெரியாவிட்டால் டைல்ஸை உடைத்தும் கிடைக்காது. அதனால் இங்கே சொல்வதில் பாதி, இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றித்தான்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: ஃப்ளஷ் வேண்டாம், வாஷிங் மெஷின் வேண்டாம், பாத்திரம் கழுவுவது அப்புறம். மெஷின் ஒரு தடவை வடித்தாலே வாளி வாளியாகத் தண்ணீர் ஒரே மூச்சில் குழாய்க்குள் வரும். எல்லோரும் மறப்பது ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயை. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். மாடியில் வேறு குடித்தனம் இருந்தால் ஏறிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கீழ் வீட்டு பாத்ரூமில் எதுக்களிக்கும் தண்ணீர் பெரும்பாலும் மாடியில் குளித்த தண்ணீராகத்தான் இருக்கும்.

தேங்கிய தண்ணீரில் நிற்கும்போது ஹீட்டர், மெஷின் சுவிட்சுகளைத் தொடாதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது

அடைப்பு வராத நாளில், குடிவந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரிடம் கேட்டு வைக்க வேண்டிய கேள்வி இது. புதுச்சேரி நகருக்குள் பெரும்பாலான தெருக்களில் பாதாளச் சாக்கடை உண்டு. அந்த லைன் பொதுப்பணித்துறையின் பொது சுகாதாரக் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. நகரை விட்டு வெளியே கொம்யூன் பஞ்சாயத்துப் பகுதிகளுக்கு (கிராமப்புற உள்ளாட்சிகளுக்கு) போகப் போக செப்டிக் டேங்க்தான் அதிகம். கடலூரில் இரண்டும் கலந்து கிடக்கிறது. திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தெருவில் இணைப்பு இருக்கும், அடுத்த தெருவில் டேங்க்கே இருக்கும். அங்கே தெரு லைனுக்கு மாநகராட்சியைக் கேட்க வேண்டும்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் கழிவறைத் தண்ணீர் ஒரு வழியாகவும், சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் வேறு வழியாகவும் போகும். முன்னது பாதாளச் சாக்கடைக்கோ டேங்குக்கோ போகும். பின்னது நேராகத் தெரு ஓர வாய்க்காலுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் சிங்க் தண்ணீர் தேங்கினால், வெளியே குழாய்கள் சேரும் தொட்டியான சேம்பரைத் தோண்டிப் பார்த்துப் பயனில்லை. வாசலுக்குப் போய் வாய்க்காலில் குழாய் வாய் தெரிகிறதா, இல்லை மண்ணும் பிளாஸ்டிக் கவரும் அதை மூடிவிட்டதா என்று பாருங்கள். ஒரு மண்வெட்டி வேலையில் முடிந்துவிடும்.

வீட்டுக்குள் நடப்பது இதுதான். சிங்க், வாஷ் பேசின் ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலக் குழாயில் இறங்கும். பாத்ரூம் தரைத் தண்ணீர் நானி ட்ராப் (தரை ஜல்லடைக்கு அடியில் இருக்கும், தண்ணீர் தேங்கும் வளைவுக் கிண்ணம்) வழியாக இரண்டரை அல்லது மூன்று அங்குலக் குழாய்க்கும், கழிவறை நாலு அங்குலக் குழாய்க்கும் போகும். எல்லாம் வெளியே வந்து சேம்பர் எனப்படும் சின்னத் தொட்டிகளில் சேரும். குழாய் திரும்புகிற இடத்திலும் இரண்டு குழாய் சேர்கிற இடத்திலும் ஒரு சேம்பர் இருக்க வேண்டும். கடைசி சேம்பரிலிருந்து தெரு லைனுக்கோ டேங்குக்கோ போகும். நாலு அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, தேவை. வாட்டம் குறைந்தால் தண்ணீர் போய்விடும், கெட்டியானது தங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் அடைக்கிற வீடுகளில் இதுவும் ஒரு காரணம்.

ட்ராப் என்பது வேறு வேலை செய்கிறது. அந்த வளைவில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். இது நாற்றப் பிரச்சினை மட்டும் இல்லை. 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வந்த விஷவாயுவில் மூன்று பெண்கள் இறந்தார்கள். தண்ணீர் சீக்கிரம் இறங்கட்டும் என்று நானி ட்ராப்பின் உள்கப்பைக் கழற்றி எறிகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றம் அடித்தால் அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொரு ஜல்லடையிலும் இரண்டு மக்கு தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

அடைப்பு எந்த இடத்தில்

எதையும் தொடாமல் முதலில் கவனியுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அடைப்பு அந்த இடத்து ட்ராப்பில், அல்லது அதையொட்டிய இரண்டு மூன்று அடிக்குள். கழிவறையில் ஃப்ளஷ் செய்தால் பாத்ரூம் ஜல்லடையில் குபுகுபுவென்று சத்தம் வந்து தண்ணீர் ஏறினால், இரண்டும் சேர்ந்த பிறகு எங்கேயோ அடைத்திருக்கிறது. மாடியில் யாராவது குளித்தால் கீழ் வீட்டில் ஏறுகிறது என்றால் மெயின் லைன்.

சேம்பர் கண்ணில் படாத இடத்தில் இன்னொரு கணக்கு உதவும். நாலு அங்குலக் குழாய் 10 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 25 லிட்டர் பிடிக்கும். மூன்று அங்குலம் 12 லிட்டர். இரவு முழுக்கத் தண்ணீர் விடாமல் மெல்ல வடிந்து காலியான குழாயில், காலையில் அளந்து ஊற்றுங்கள். அரை வாளியிலேயே மேலே ஏறினால் அடைப்பு பக்கத்தில். இரண்டு மூன்று வாளி இறங்கிய பிறகு ஏறினால் தூரத்தில், வீட்டுக்கு வெளியேதான். துல்லியமான அளவு இல்லை. டைல்ஸை உடைக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு இது போதும்.

இனி சேம்பர். மூடியைத் திறக்கும்முன் இரண்டு விஷயம். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குல கனமுள்ள கான்கிரீட் மூடி 40 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஒருவர் கடப்பாரையால் நெம்ப, இன்னொருவர் அடியில் கட்டை கொடுக்க வேண்டும், விரலை விடாதீர்கள். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருக்களில் இரும்பு மூடியும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், மேலே ஏறி நின்றால் விழும். திறந்த உடனே குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிஷம் அப்படியே விடுங்கள். பீடி, தீக்குச்சி பக்கத்தில் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் அடித்து, பிறகு நாற்றமே தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும்.

எல்லா மூடியையும் கடைசியிலிருந்து, அதாவது தெருவுக்குப் பக்கத்திலிருந்து வீட்டை நோக்கித் திறந்துகொண்டு வாருங்கள். கடைசி சேம்பர் காலி, அதற்கு முந்தையது நிரம்பி நிற்கிறது என்றால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். எல்லா சேம்பரும் காலி, பாத்ரூமில் மட்டும் தண்ணீர் என்றால் வீட்டுக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில். கடைசி சேம்பரே நிரம்பித் ததும்பினால் அடைப்பு உங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். தெரு லைன், அல்லது டேங்க். அந்த நிலையில் பிளம்பரைக் கூப்பிட்டு வீட்டுக்குள் கம்பி விடச் சொல்வது காசைத் தண்ணீரில் போடுவது. எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் என்றால் தெரு லைன் என்பது உறுதி.

மூடிகள் எங்கே என்றே தெரியாத வீடுகள் உண்டு. கார் நிறுத்த டைல்ஸ் போட்டபோது மேலேயே ஒட்டி மூடிவிட்டிருப்பார்கள். கழிவறை வெளிச்சுவரிலிருந்து நேர்க்கோட்டில் நடந்து, கடப்பாரையின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளென்று சத்தம் மாறும் இடம் அது.

சிங்க்

இந்தப் பக்கத்துச் சமையலறைகளில் அடைப்புக்கு முதல் காரணம் சோற்றுக் கஞ்சி. வடித்த கஞ்சி சூடாக இருக்கும்போது ஓடும். குழாய்க்குள் ஆறியதும் பசையாகி, கறிக்குழம்பு எண்ணெயோடு சேர்ந்து சுவரில் படியும். அதன்மேல் தோசைமாவு கழுவின தண்ணீர், டீத்தூள், புளிச்சக்கை, மீன் செதில். மீன் செதில் தனியாகவே ஒரு ரகம்: தட்டையாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் கரையாது. மீனைச் சிங்க்கில் கழுவாமல் வெளியே குழாயடியில் கழுவுகிற பழக்கம் இங்கே காரணத்தோடுதான் வந்தது.

சிங்க்கின் அடியில் வெள்ளைச் சுருள் குழாய் ஒன்று தரைக் குழாய்க்குள் சொருகியிருக்கும். அதைத் தரையிலிருந்து உருவி வாளிக்குள் விட்டு, சிங்க்கில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். வாளிக்குள் வேகமாக வந்தால் சிங்க் சரி, அடைப்பு தரைக் குழாயில். வரவில்லை என்றால் சுருள் குழாயிலேயே. கழற்றி, வெளியே வைத்துப் பழைய பாட்டில் பிரஷால் கழுவுங்கள். அது பாம்பு மாதிரி தொங்கி, நடுவில் தாழ்ந்திருந்தால் அந்தத் தாழ்வில் மறுபடியும் சேரும். தேவையான நீளத்துக்கு வெட்டி நேராக்கிவிடுங்கள். வாஷ் பேசினில் பாட்டில் ட்ராப் இருக்கும். அடியில் வாளி வைத்து, அடிக் கிண்ணத்தைக் கையாலேயே திருகுங்கள். ரெஞ்ச் போட்டால் பிளாஸ்டிக் மரை போய்விடும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது ஒழுகாது.

தரைக் குழாய்தான் என்றால் முதலில் வெந்நீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகி ஜாயின்ட் விட்டுப் போகும். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, பாத்திரம் துலக்கும் லிக்விட் நாலு ஸ்பூன் கலந்து, ஒரு வாளி. இருபது நிமிஷம் ஊறவிட்டுப் பிறகு ரப்பர் பம்ப். பம்ப் வேலை செய்ய அதன் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அதனால் சிங்க்கில் மூன்று அங்குலம் தண்ணீர் விட்டு, சுருள் குழாய் தரையில் நுழையும் வாயையும் பேசினின் பக்க ஓட்டையையும் ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். காற்று கசிந்தால் எத்தனை அடித்தாலும் வீண். பதினைந்து இருபது தடவை சீராக அமுக்கி, கடைசி முறை சட்டென்று மேலே இழுங்கள். அடைப்பைப் பெயர்ப்பது பெரும்பாலும் அந்த இழுப்புதான்.

பாத்ரூம்

எண்ணெய்க் குளியலுக்கு மறுநாள் வரும் அடைப்பு இது. எண்ணெய், சீயக்காய்த் தூள், முடி மூன்றும் சேர்ந்தால் கயிறு திரித்த மாதிரி ஆகிவிடும். ஜல்லடையைத் திறந்து, கையுறை போட்டு, உள்கப்பைத் தூக்குங்கள். அடியில் முடிச்சுருளும் ஷாம்பு சாஷே மூலைகளும் இருக்கும். கையாலேயே எடுத்துக் குப்பையில் போடுங்கள். உள்ளே தள்ளினால் அதே முடி பத்தடி தள்ளிப் போய் வளைவில் சிக்கும். கப்பைக் கழுவித் திரும்ப வையுங்கள். இது மாதம் ஒரு முறை ஐந்து நிமிஷ வேலை.

கழிவறை

தண்ணீர் ஏறி நிற்கும்போது இன்னொரு முறை ஃப்ளஷ் அடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. அடித்தால் தரையில்தான். தண்ணீர் தானாகக் கொஞ்சம் இறங்கும்வரை பொறுங்கள். பிறகு ஒரு முழு வாளியை இடுப்பு உயரத்திலிருந்து, நடுத் துளையைப் பார்த்து, ஒரே வீச்சில் ஊற்றுங்கள். காகிதமோ மலமோதான் என்றால் இரண்டு மூன்று வாளியில் போய்விடும். போகவில்லையா, அடியில் கூடுதல் உதடு உள்ள பம்ப் வாங்குங்கள். சிங்க் பம்ப் வெஸ்டர்ன் டாய்லெட்டின் வாயில் சரியாக உட்காராது.

சானிட்டரி நாப்கின், குழந்தை டயாப்பர், ஈரத் துடைப்பான், விளிம்பில் தொங்கவிடும் வாசனைக் கூடு, இவை விழுந்திருந்தால் பம்ப் அடிக்கவே வேண்டாம். நாப்கின் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும். அமுக்க அமுக்க இன்னும் இறுகும். கொக்கி போட்டு வெளியே இழுக்கத்தான் வேண்டும். கம்பியின் நுனியில் துணி சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பீங்கானில் கீறல் விழுந்தால் பிறகு அழுக்கு அங்கேயே பிடிக்கும். வெந்நீரைப் பீங்கானில் ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

சேம்பருக்கும் சேம்பருக்கும் நடுவில்

இதற்குத் தேவை கம்பூட், முழங்கை வரை கையுறை, மூங்கில் பத்தை அல்லது மரையில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் கம்பிகள். மரைக் கம்பியை எப்போதும் வலப்பக்கமே திருகுங்கள். இடப்பக்கம் திருகினால் உள்ளே கழன்று விடும், அடைப்போடு கம்பியும் சேர்ந்துகொள்ளும்.

காலியாக இருக்கும் சேம்பரின் பக்கத்தில் நின்று, அங்கிருந்து நிரம்பிய பக்கத்தை நோக்கிக் குத்துவது நல்லது. எங்கே தடுக்கிறது என்று கைக்குத் தெரியும். உடைந்ததும் தேங்கியதெல்லாம் ஒரே பாய்ச்சலாக வரும், அதனால் குழாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அப்படி வருவதற்குமுன் வெளியே போகும் குழாயின் வாயில் ஒரு பழைய ஜல்லடைத் தட்டையோ செங்கற்களை இடைவெளி விட்டோ வையுங்கள். வரும் துணியும் நாப்கினும் அதில் சிக்கும். இல்லாவிட்டால் அடுத்த அடைப்பு தெருவுக்குப் பக்கத்தில், இன்னும் ஆழத்தில். எடுத்ததை வாளியில் அள்ளிவிட்டு, மேல் சேம்பரில் பத்துப் பதினைந்து வாளி தண்ணீர் வேகமாக ஊற்றிக் கழுவுங்கள்.

கம்பி நுனியில் நார்நாராக வேர் வந்தால் வேறு கதை. பழைய பீங்கான் குழாய்களின் ஜாயின்ட் வழியாகத் தென்னை, பூவரசு, வேம்பின் வேர் உள்ளே புகுந்து தாடி மாதிரி வளரும். வெட்டி எடுத்தாலும் மறுபடியும் வளர்ந்துவிடும். அந்தத் துண்டுக் குழாயை மாற்றிப் பிவிசி போடுவதுதான் தீர்வு. மணல் வந்தால் குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். கடலோர மணல் தரையில் உடைப்பு ஒரு விரல் அளவு இருந்தாலும் மணல் கசிந்துகொண்டே இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேம்பர் ததும்பினால் உடனே அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். தெரு லைனுக்குள் மழைத்தண்ணீரும் புகுந்துவிட்டால் அது நிரம்பி உங்கள் பக்கம் தள்ளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது ரெயின்போ நகர் போன்ற தாழ்வான இடங்களில் எந்தக் கம்பி விட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது. தெருவில் தண்ணீர் வடிய வேண்டும், அவ்வளவுதான். அதுவரை தரைத்தளக் கழிவறையைப் பயன்படுத்தாமல், ஜல்லடைகளின் மேல் மணல் மூட்டையை வைத்து விடலாம். வருஷா வருஷம் இதுவே நடக்கிற வீடு என்றால் கடைசி சேம்பரில் ஒருவழி வால்வு ஒன்று வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

செப்டிக் டேங்க் வீடுகளில் இதே மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால், டேங்க்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறைகிணறு அதை உறிஞ்சாது. டேங்க் வண்டி வந்து உறிஞ்சிவிட்டுப் போன மூன்றாம் நாள் மறுபடியும் நிரம்பினால் வண்டிக்காரரைத் திட்ட வேண்டாம்.

ஆசிட்

பல வருஷ அனுபவம் உள்ள பிளம்பர்கள் ஆசிட்டை வெறுப்பதற்குக் காரணம் உண்டு. முழுதாக அடைத்த குழாயில் அது அடைப்பைத் தொடும்போதே மேலே நிற்கும் தண்ணீரில் கரைந்து வலுவிழந்திருக்கும். அடைப்பு நீக்கும் தூளாக விற்கும் காஸ்டிக் சோடாவும் அப்படித்தான்: அது கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது. ஓட்டம் இல்லாத குழாயில் அந்தச் சோப்பு அங்கேயே கல்லாக உறையும். ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். காஸ்டிக் ஊற்றின இடத்தில் ஆசிட்டோ, ஆசிட் ஊற்றின இடத்தில் காஸ்டிக்கோ ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் வருகிறவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் அவர் கண் போகும்.

யாரைக் கூப்பிடுவது

முதல் சேம்பர் வரைக்கும் பிளம்பர். சேம்பர்களுக்கு நடுவில் என்றால், ஸ்பிரிங் மெஷின் (குழாய்க்குள் சுழலும் ஸ்பிரிங் கம்பியை விடும் மெஷின்) வைத்திருக்கும் அடைப்பு எடுப்பவர். டேங்க் நிரம்பியிருந்தால் கழிவுநீர் வண்டி. கடைசி சேம்பருக்கு அப்பால் தெரு லைன் என்றால் புதுச்சேரியில் பொதுப்பணித்துறை, கடலூரில் மாநகராட்சி; புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெரு மேன்ஹோலைத் தனியார் ஆளைக் கொண்டு திறக்காதீர்கள்.

தெருமுனை ஹார்டுவேர் கடையில் கேட்டால் அந்த வட்டாரத்தில் யார் வேலை செய்கிறார் என்று சொல்வார்கள். ஏற்கெனவே அந்த வீட்டில் வேலை பார்த்தவர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், குழாய் எங்கே திரும்புகிறது என்று அவருக்குத் தெரியும். போனில் "பாத்ரூம் அடைச்சிருக்கு, வாங்க" என்று மட்டும் சொன்னால் அவர் ஒரு பம்ப்போடு வந்து, பார்த்துவிட்டு, மெஷின் எடுக்கத் திரும்பிப் போவார். இப்படிச் சொல்லுங்கள்:

"அண்ணே, லாசுப்பேட்டை. கீழ் வீடு. மூணு சேம்பர், கடைசி காலியா இருக்கு, நடுவுல உள்ளது ஃபுல்லா நிக்குது. நாலு இஞ்ச் பைப்பு. ஆசிட் எதுவும் ஊத்தலை. நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"மூடி திறந்திருக்கா தம்பி?"

"திறந்துதான் இருக்கு, பக்கத்துல ஆள் நிக்குறாங்க."

"சரி, அப்ப ஸ்பிரிங்கோட வரேன்."

கூலியை வருமுன்பே பேசுங்கள். வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, எடுத்தால் எவ்வளவு, எடுக்க முடியாமல் போனால் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். டைல்ஸ் உடைக்க வேண்டி வந்தால் திரும்பப் போடுவது யார் பொறுப்பு என்பதும் அப்போதே தெரிய வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கு முதலில் போன், பிறகுதான் பிளம்பர். குழாய் உடைந்தது, வேர், வாட்டம் இல்லாதது எல்லாம் அவர் செலவு. தலைமுடியும் நாப்கினும் நம் செலவு என்று வாங்கிக்கொள்வது நியாயம். வெளியே வந்ததைப் போட்டோ எடுத்து வைத்தால் இந்தப் பேச்சு நீளாது.

பார்த்த உடனே "உடைச்சாத்தான் தெரியும்" என்பவரிடம் எந்த இடத்தில், ஏன் அந்த இடம் என்று கேளுங்கள். சேம்பரிலிருந்து எத்தனை அடியில் கம்பி தட்டுகிறது என்று காட்ட முடியாதவருக்கு உடைக்க அனுமதி வேண்டாம். ஒரே இடத்தில் மூன்றாவது முறை அடைத்தால் கேமரா விட்டுப் பார்ப்பவரைத் தேடுவது, மூன்று முறை கூலி கொடுப்பதைவிட மலிவு.

டேங்க் வண்டி

செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். நிரம்பி எதுக்களிக்கும்வரை காத்திருந்தால் அடிச்சேறு இறுகி, வண்டியின் குழாயும் உறிஞ்சத் திணறும். கூப்பிடும்போது உங்கள் டேங்க் தெருவிலிருந்து எத்தனை அடி உள்ளே இருக்கிறது என்று சொல்லி, அவ்வளவு நீளக் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள்; வண்டி எத்தனை லிட்டர், எத்தனை நடை என்பதையும். உரிமம் உள்ள வண்டியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேட்கலாம். இரவில் வாய்க்காலில் திறந்துவிடுகிறவர் குறைந்த கூலி சொல்வார். தமிழ்நாட்டுப் பகுதியில் 14420 என்ற எண்ணில் கழிவுநீர் வண்டி கேட்கலாம். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் டேங்க்கை முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிக் குழாயை முறித்துவிடும்.

எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை டேங்க்குக்குள்ளோ ஆழமான சேம்பருக்குள்ளோ இறங்கச் சொல்லக் கூடாது. "ரெண்டு நிமிஷம்தான் சார், இறங்கி எடுத்துடறேன்" என்று அவரே சொன்னாலும் கூடாது. கூடக் கொஞ்சம் காசு தருகிறேன் என்று நீங்கள் சொல்லவே கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும், இரண்டு மூச்சில் ஆள் விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை ஒப்பந்தக்காரருக்கு மட்டும் இல்லை, வேலைக்கு வைத்தவருக்கும்தான். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்ன பிறகும் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள். இயந்திரத்தால் எடுக்க முடியாத டேங்க் என்றால் மேல் பலகையை உடைத்துத் திறந்து எடுக்க வேண்டும். அந்தச் செலவு வீட்டுக்காரருடையது.

காசு கொடுப்பதற்குமுன்

தண்ணீர் இறங்கிவிட்டது என்றதும் பணத்தை எடுக்காதீர்கள். அடைப்பில் ஒரு விரல் ஓட்டை விழுந்தாலே தண்ணீர் இறங்கும், மறுவாரம் மூடிக்கொள்ளும். கழிவறையில் மூன்று வாளியை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுங்கள். வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் ஐந்து நிமிஷம் திறந்துவிடுங்கள். ஒருவர் கடைசி சேம்பரில் நின்று பார்க்கட்டும். தண்ணீர் வேகமாக வந்து, நிறுத்திய ஒரு நிமிஷத்துக்குள் குழாய் அடித்தளம் தெரிய வடிந்தால் லைன் சுத்தம். இழுபறியாக வடிந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது, கம்பியை இன்னொரு முறை விடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவச் சோப்பும் தாராளமாகத் தண்ணீரும் கொடுங்கள், டீயும்.

மூடியைத் திரும்ப வைக்கும்போது கொத்தனார் பாணியில் ஒன்றுக்கு மூன்று கலவை போட்டுப் பூசினால் அடுத்த முறை சம்மட்டிதான் எடுக்க வேண்டும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு எட்டுப் பங்கு மணல், விளிம்பில் மட்டும், கரப்பானும் நாற்றமும் வராத அளவுக்கு. காய்ந்ததும் மூடியின் மேல் தண்ணீர் போகும் திசையைப் பெயின்ட்டில் ஒரு அம்புக்குறியாகப் போட்டு, திறந்த தேதியையும் எழுதி வையுங்கள்.